அப்பா நடந்தால் கெண்டைக்கால் பிடிக்கிறது, சாக்ஸ் போடலாமா?

கடலூர் புதுப்பாளையத்திலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு 62 வயது, பத்து வருஷமாக சுகர், பீடியை இன்னும் விடவில்லை. சில்வர் பீச்சில் நாலைந்து நிமிஷம் நடந்தாலே இடது கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது, நின்றால் சரியாகிவிடுகிறது. 'நரம்பு சுருட்டல்' என்று யாரோ சொல்ல, மருந்துக்கடையில் இறுக்கமான சாக்ஸ் வாங்கிவிட்டார்கள். போடலாமா?

இப்போதைக்குப் போடாதீர்கள்.

நம் பேச்சில் எல்லாமே நரம்புதான்: ஊசி போடுவதும் நரம்பு, புடைத்துத் தெரிவதும் நரம்பு, மரத்துப்போனாலும் நரம்பு. சுருண்டு புடைப்பது உண்மையில் சிரை, அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திரும்பக் கொண்டுபோகும் குழாய். அதற்குள் இருக்கும் வால்வுகள் பழுதானால் ரத்தம் காலிலேயே தேங்கும். நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் இது அதிகம். சாயங்காலம் கால் கனக்கும், தூக்கி வைத்தால் இதமாக இருக்கும்.

உங்கள் அப்பா சொல்வது வேறு கதை. நடக்கும்போது தசைக்குக் கூடுதல் ரத்தம் வேண்டும். அதைக் கொண்டுவரும் தமனி கொழுப்பு படிந்து சுருங்கியிருந்தால் தசை வலித்துக் கத்தும், நின்றதும் அடங்கும். (முதுகெலும்புக் கோளாறு என்றால் பெரும்பாலும் நின்றால் போதாது, உட்காரவோ குனியவோ வேண்டியிருக்கும்.) சுகரும் பீடியும் சேர்ந்தால் தமனிக்கு அதைவிடக் கெட்ட கூட்டணி கிடையாது. ஏற்கெனவே ரத்தம் குறைவாக வரும் காலை சாக்ஸால் இறுக்கினால் புண்ணாகிவிடலாம்.

பாதத்தின் மேல்பக்கம், பெருவிரலுக்கும் அடுத்ததற்கும் நடுவே இருந்து நேர்மேலே இரண்டு விரலை லேசாக வைத்துப் பாருங்கள், நாடி துடிக்கும். இடது காலில் மட்டும் கிடைக்கவில்லை என்றால் சந்தேகம் கூடுகிறது, ஆனால் அதை வைத்தே முடிவு கட்ட வேண்டாம். மருத்துவமனையில் கணுக்கால் பிரஷரைக் கை பிரஷரால் வகுப்பார்கள், 0.9 அல்லது அதற்குக் கீழே வந்தால் அடைப்பு. சுகர்காரர்களுக்குத் தமனி கெட்டிப்பட்டு அந்தக் கணக்கு பொய்யாக நல்லபடி காட்டக்கூடும் என்பதால் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேனும் கேளுங்கள், புதுச்சேரி ஜிப்மர் போகிற தூரம்தானே. அப்படியே இதயத்தையும் பார்த்துவிடுங்கள், காலில் படிந்த கொழுப்பு காலோடு நின்றிருக்காது.

கால் திடீரென ஜில்லிட்டு வெளுத்து வலித்தால் மணிக்கணக்கு முக்கியம், உடனே கிளம்புங்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால், நம் பக்கத்தில் யானைக்காலோ என்று தள்ளிப்போடுவார்கள். ரத்தக்கட்டியாக இருந்தால் நுரையீரலுக்கு ஏறிவிடலாம், அன்றைக்கே காட்ட வேண்டும்.

நடையை நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள். டாக்டர் பார்த்தபிறகு, வலிக்கும்வரை நடந்து, நின்று, மறுபடி நடப்பதும் இதற்கு ஒரு வைத்தியம். செருப்பு மட்டும் அவசியம், கிளிஞ்சல் கிழித்தால்கூட மரத்துப்போன சுகர் காலுக்குத் தெரியாது.