மின்சார கேனர் வாங்கலாமா, தங்கச்சி?

நீங்க கேட்டதை முதல்ல ஒரு தடவை திருப்பிச் சொல்லிடறேன், படிக்கிற மத்தவங்களுக்கும் புரியட்டும். கோயம்புத்தூர்ல இருந்து மிச்சிகனுக்கு வந்து ஆறு மாசம் ஆகுது. டிராய்ல வாடகை அபார்ட்மென்ட், கண்ணாடித் தட்டு போட்ட மின் அடுப்பு. இப்போ சந்தையில தக்காளி குவிஞ்சு கிடக்கு, குளிர்காலத்துல கடைக்கு வர்றது வெளுத்துப் போன காய்னு யாரோ சொல்லியிருக்காங்க. "தக்காளித் தொக்கு, சாம்பார், வேகவெச்ச கொண்டைக்கடலை எல்லாம் பாட்டில்ல அடைச்சு வெச்சுக்கலாம்னு பார்க்கிறேன் அக்கா. மின்சார கேனர் வாங்கலாமா, இல்ல அடுப்புல வைக்கிறதே போதுமா?" இதுதானே கேட்டீங்க. கேனர்னா, ஜாடியில அடைச்ச பதார்த்தத்தை மூடியோட சூடாக்கிக் கெடாம வைக்கிற பாத்திரம்.

இங்க வந்து 16 வருஷம் ஆச்சு, அதுல 12 வருஷமா ஒவ்வொரு செப்டம்பரும் என் சமையலறை முழுக்க ஜாடிதான். அதனால நேராவே சொல்றேன். வாங்கலாம். ஆனா "மின்சார கேனர்"ங்கிற ஒரே பேர்ல மூணு வெவ்வேற சாமான் விக்கிறாங்க. ஒண்ணு உங்களுக்கு ரொம்ப உதவும். ஒண்ணு யோசிச்சு வாங்க வேண்டியது. இன்னொண்ணை இந்த வேலைக்குத் தொடவே தொடாதீங்க.

அதுக்கு முன்னாடி ஒரு விஷயம் மனசுல பதியணும். நம்ம அம்மா, ஆச்சி எல்லாம் ஊறுகாய் போட்டது உப்பை நம்பி, வெயிலை நம்பி. இங்க கேனிங்னு சொல்றது சூட்டை நம்பிச் செய்யறது. காத்துப் புகாம மூடின ஜாடிக்குள்ள, ஈரமும் இருந்து புளிப்பும் குறைவா இருந்தா, மண்ணுல சாதாரணமா இருக்கிற கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம்ங்கிற கிருமியோட வித்து முளைச்சு விஷத்தைக் கக்கும். கொதிக்கிற தண்ணி, அதாவது 100 டிகிரி செல்சியஸ், அந்த வித்தை ஒண்ணும் பண்ணாது. 116 டிகிரிக்குப் போகணும். அழுத்தம் இருந்தாத்தான் ஆவி அந்தச் சூட்டுக்குப் போகும். புளிப்பு நல்லா இருக்கிற பொருள்ல, கணக்கா சொன்னா பிஎச் 4.6 அல்லது அதுக்குக் கீழே, அந்த வித்து முளைக்காது. அதனால பழம், ஜாம், வினிகர் ஊறுகாய் எல்லாம் வெறும் கொதிதண்ணியில முக்கி எடுத்தாலே போதும். காய்கறி, பருப்பு, கடலை, கறி எல்லாம் பிரஷர் கேனர்ல மட்டும்தான்.

பயமுறுத்தச் சொல்லலை. 2015 ஏப்ரல்ல, நம்ம பக்கத்து மாநிலம் ஒஹாயோவுல, சர்ச்ல எல்லாரும் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து கூடிச் சாப்பிட்ட விருந்துல 29 பேருக்கு போட்டுலிசம் வந்தது, ஒருத்தர் இறந்துட்டாங்க. காரணம் ஒரு உருளைக்கிழங்கு சாலட். வீட்டுல அடைச்ச உருளைக்கிழங்கு, கொதிதண்ணியில மட்டும் முக்கி எடுத்தது. அந்த விஷத்துக்கு வாசனையும் கிடையாது, ருசியும் மாறாது. மோந்து பார்த்து "நல்லாத்தானே இருக்கு"ன்னு சொல்ற நம்ம வழக்கம் இங்க உதவாது. கண்ணு ரெண்டு ரெண்டா தெரியறது, இமை தொங்கறது, நாக்கு குழறுறது, முழுங்க முடியாம போறதுன்னு ஆரம்பிக்கும். அந்த அறிகுறி வந்தா ஒரு நிமிஷம்கூட தாமதிக்காம ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

இப்போ சாமானுக்கு வர்றேன். தொடக் கூடாதுன்னு சொன்னதை முதல்ல சொல்லிடறேன்: "கேனிங்"னு ஒரு பட்டன் வெச்ச மின்சார மல்டி குக்கர். சாதமும் வேகும், தயிரும் உறையும், பொரியலும் வதங்கும், கேனிங்கும் ஆகும்னு பெட்டி மேல போட்டிருப்பாங்க. நானும் அப்படி ஒண்ணு வாங்கினேன். நாலு ஜாடி கொண்டைக்கடலை அடைச்சு, மூடி நல்லா உள்வாங்கி இருந்ததால சந்தோஷமா அலமாரியில அடுக்கினேன். பக்கத்து வீட்டுல போலந்து வம்சாவளிப் பாட்டி ஒருத்தங்க, அப்பவே எண்பது வயசு. ஒருநாள் காபிக்கு வந்தவங்க ஜாடியைப் பார்த்துட்டு எதுல செஞ்சேன்னு கேட்டாங்க. சொன்னேன். காபி கப்பைக் கீழே வெச்சுட்டு, "எக்ஸ்டென்ஷன் ஆபீஸுக்கு இப்பவே போன் பண்ணு"ன்னாங்க. பல்கலைக்கழகம் நடத்துற விவசாய, உணவு ஆலோசனை அலுவலகம் அது.

போன் பண்ணினப்போ அந்த ஆபீஸ்காரங்க விளக்கினது இன்னைக்கும் நினைவுல இருக்கு. அமெரிக்க விவசாயத் துறை வெளியிட்ட நேரக் கணக்கு எல்லாமே அடுப்புல வைக்கிற பெரிய கேனர்ல சோதிச்சுப் பார்த்தது. ஒரு குவார்ட் (கிட்டத்தட்ட ஒரு லிட்டர்) பிடிக்கிற ஜாடி குறைஞ்சது நாலை நிமிர்த்தி வைக்க இடம் இருந்தாத்தான் அதை பிரஷர் கேனர்னே அவங்க ஒத்துக்கறாங்க. பெரிய பாத்திரம் மெதுவா சூடாகும், மெதுவா ஆறும். அந்த ஏறுற சூடும் இறங்குற சூடும் சேர்ந்துதான் ஜாடியோட நடுவுல இருக்கிற கடலையைப் பாதுகாப்பாக்குது. சின்ன குக்கர் சட்டுனு சூடாகி சட்டுனு ஆறிடும். கணக்குல அந்தப் பங்கு குறைஞ்சு போகும். ஜார்ஜியா பல்கலைக்கழகத்துல இருக்கிற வீட்டு உணவுப் பாதுகாப்புக்கான தேசிய மையமும் இதையேதான் சொல்லுது: சோதிச்ச நேரங்களை மின்சார மல்டி குக்கருக்குப் பொருத்தக் கூடாது. நம்ம ஊர் குக்கருக்கும் இதே பதில்தான். 15 பவுண்டு அழுத்தம் தருதே, நாலு விசில் விட்டா ஆகாதான்னு கேட்காதீங்க, ஆகாது. அது சமைக்கறதுக்கு.

அந்த நாலு ஜாடியையும் திறக்காம, ரெண்டு பிளாஸ்டிக் பையில சுத்தி, கட்டி, குப்பையில போட்டேன். மூடி உள்வாங்கிக் கச்சிதமா இருந்த ஜாடிங்க. மூடி இறுகினது காத்து வெளியே போனதுக்கு அடையாளம், அவ்வளவுதான். உள்ளே வித்து செத்துச்சான்னு அது சொல்லாது.

இனி உங்களுக்கு உதவறது: மின்சார வாட்டர் பாத் கேனர், அதாவது ஜாடியைக் கொதிதண்ணியில முக்கி எடுக்கிறது. உயரமான பெரிய பாத்திரம், அடியில சூடாக்குற சுருள், உள்ள ஒரு தட்டு. பெரிசுல ஏழு குவார்ட் ஜாடி வரைக்கும் நிக்கும். ஜாடிக்கு மேல ஒரு அங்குலமாவது தண்ணி நிக்கணும், அது தளதளன்னு கொதிச்சுக்கிட்டே இருக்கணும். இது ரெண்டும் அதுல நடந்தா மின்சாரமா கேஸாங்கிறதுல வித்தியாசமே இல்லை. உங்க வீட்டுல கண்ணாடி அடுப்புன்னீங்க. பாத்திரமும் தண்ணியும் ஜாடியும் சேர்ந்த பாரத்துக்கு அந்தத் தட்டு விரிசல் விடலாம். அகலமான பாத்திரத்துக்கு அடியில சூடு தேங்கினா அடுப்பு தானா அணைஞ்சு அணைஞ்சு எரியும், கொதி நிக்காது. பல அடுப்புக் கம்பெனிங்க கையேட்டுலயே கேனிங் வேண்டாம்னு போட்டிருப்பாங்க, உங்க அடுப்போட கையேட்டைப் பாருங்க. வாடகை வீடு வேற, தட்டு உடைஞ்சா டெபாசிட்ல பிடிப்பாங்க. இந்த ஒரு காரணத்துக்காகவே உங்களுக்கு மின்சார வாட்டர் பாத் கேனர் சரி.

குறை இல்லாம இல்லை. தண்ணி கொதிக்க நேரம் எடுக்கும். நான் வெந்நீர்க் குழாய்த் தண்ணியையே ஊத்தி ஆரம்பிச்சாலும் முக்கால் மணி நேரம் ஆகுது. அதனால தக்காளியைத் தோலுரிக்க ஆரம்பிக்கும்போதே சுவிட்சைப் போட்டுடுங்க. பெரிய கேனர் 1500 வாட் இழுக்கும். அதே சர்க்யூட்ல மைக்ரோவேவையும் போட்டா பிரேக்கர் விழுந்துடும். எக்ஸ்டென்ஷன் ஒயர் வேண்டவே வேண்டாம், சுவர் பிளக்லயே நேரா மாட்டுங்க.

மூணாவது ரகம் கேனிங்குக்குன்னே செஞ்ச மின்சார பிரஷர் கேனர். இதைத்தான் யோசிச்சு வாங்கணும்னேன். பிரஸ்டோ கம்பெனியோட 12 குவார்ட் டிஜிட்டல் கேனர்ல அஞ்சு குவார்ட் ஜாடி, இல்லேன்னா எட்டு பைன்ட் (அரை குவார்ட்) ஜாடி பிடிக்கும். அதே கம்பெனியோட அடுப்புல வைக்கிற 23 குவார்ட் கேனர்ல ஏழு குவார்ட், ரெண்டு அடுக்கா வெச்சா 20 பைன்ட் போகும். ரெண்டு பேர் இருக்கிற வீட்டுக்கு எட்டு பைன்ட் தாராளம். அழுத்தத்தைப் பார்த்துப் பார்த்துத் தீயைக் கூட்டிக் குறைக்கிற வேலை கிடையாது, கண்ணாடி அடுப்புக் கவலையும் கிடையாது, கைக்குழந்தை இருக்கிற வீட்டுல அது பெரிய நிம்மதி.

ஆனா அடுப்புக் கேனர்ல எல்லாமே கண்ணுக்குத் தெரியும், காதுக்குக் கேட்கும். மூடியில இருக்கிற துளை வழியா ஆவி முதல்ல விட்டு விட்டு வரும், அப்புறம் ஒரு முழ நீளத்துக்கு வெள்ளைக் கம்பி மாதிரி நேரா நிக்கும். அப்படி நின்னதுல இருந்து பத்து நிமிஷம் விட்டுட்டுத்தான் வெயிட்டைப் போடணும். உள்ள காத்து மிச்சம் இருந்தா, முள் சரியான அழுத்தத்தைக் காட்டினாலும் சூடு குறைவாத்தான் இருக்கும். வெயிட் போட்டதும் அது குலுங்குற சத்தத்தை வெச்சே அடுத்த அறையில இருந்து சொல்லிடலாம், சரியாப் போகுதா இல்லையான்னு. முள் வெச்ச மானியை வருஷத்துக்கு ஒரு தடவை எக்ஸ்டென்ஷன் ஆபீஸ்ல கொடுத்துச் சோதிக்கலாம். டிஜிட்டல்ல உள்ள இருக்கிற சென்சார் தப்பாக் காட்டினா நமக்குத் தெரிய வழியில்லை, கம்பெனி வார்த்தையை நம்பித்தான் ஆகணும். பழுதானா ரப்பர் வளையம் மாத்தற மாதிரி நாமே சரிபண்ணவும் முடியாது. இன்னொண்ணு கரென்ட். இங்க கோடைப் புயல்ல மரம் விழுந்து கரென்ட் போறது சகஜம். கடலை 75 நிமிஷம் ஓடணும்னு வைங்க, 60-வது நிமிஷத்துல கரென்ட் போனா, திரும்ப அழுத்தம் ஏத்தி முதல் நிமிஷத்துல இருந்து எண்ணணும். மிச்சம் 15 நிமிஷம் ஓட்டினா போதும்னு கணக்குப் போடக் கூடாது.

உயரக் கணக்கும் இருக்கு. டிட்ராய்ட் சுத்துவட்டாரம் பெரும்பாலும் 1000 அடிக்குக் கீழே, அதனால முள் மானிக்கு 11 பவுண்டு, வெயிட்டுக்கு 10 பவுண்டு போதும். நாளைக்கு வேலை மாறி டென்வர் பக்கம் போனா வெயிட்டுக்கு 15 பவுண்டு வேணும். சில மின்சார மாடலுக்கு உயர வரம்பு உண்டு. வாங்குறதுக்கு முன்னாடியே கையேட்டுல பாருங்க.

என் யோசனை, இந்த வருஷம் வாட்டர் பாத் மட்டும் வாங்குங்க. பிரஷர் கேனரை அடுத்த வருஷம் பார்த்துக்கலாம். கடலையை வேகவெச்சு ஃப்ரீசர்ல பையில போட்டாலே ஆறு மாசம் நல்லா இருக்கும்.

சாம்பாரை அடைக்கிற ஆசையை விட்டுடுங்க, தங்கச்சி. எந்த கேனர்லயும் முடியாது. பருப்பு கரைஞ்சு கெட்டியா இருக்கிற குழம்புக்குள்ள சூடு எவ்வளவு நேரத்துல நடுவுக்குப் போகும்னு யாரும் சோதிச்சு வைக்கலை. தொக்கும் அப்படித்தான், அதுல எண்ணெயும் பூண்டும் வேற. தேங்காய்ப்பால் சேர்ந்த எதுவும் வேண்டாம். இதெல்லாம் ஃப்ரீசருக்கு.

நான் செய்யறது இது. தக்காளியை மட்டும் அடைப்பேன். கொதிதண்ணியில ஒரு நிமிஷம் போட்டு எடுத்து, குளிர்ந்த தண்ணியில போட்டா தோல் கையோட வந்துடும். நசுக்கிக் கொதிக்கவிட்டு ஜாடியில ஊத்தி, மேல அரை அங்குலம் இடம் விடுவேன். தக்காளி அந்த 4.6 எல்லையிலேயே நிக்கிற பழம், சிலது உள்ளே, சிலது வெளியே. அதனால ஒரு பைன்ட்டுக்கு ஒரு டேபிள்ஸ்பூன், குவார்ட்டுக்கு ரெண்டு, கடையில விக்கிற பாட்டில் எலுமிச்சைச் சாறு கட்டாயம். பிழிஞ்ச எலுமிச்சையில புளிப்பு பழத்துக்குப் பழம் மாறும். புளி கரைச்சு ஊத்தலாமேன்னு எனக்கும் தோணியிருக்கு. எவ்வளவு ஊத்தணும்னு சோதிச்ச அளவு கிடையாது, அதனால செய்யறதில்லை. பைன்ட் 35 நிமிஷம், குவார்ட் 45 நிமிஷம். எடுத்துத் துணி மேல அசையாம வெச்சா, ஆற ஆற ஒவ்வொரு மூடியா "டிங்"னு உள்வாங்கும். என் பொண்ணு சின்னதுல பக்கத்துலயே உட்கார்ந்து எண்ணுவா. மறுநாள் காலைல நடுவுல அமுக்கிப் பார்த்து, அமுங்கித் திரும்புறதை ஃப்ரிட்ஜ்ல வெச்சு முதல்ல செலவழிப்பேன். ஜனவரியில, வெளியே பனி கொட்டும்போது ஒரு ஜாடியைத் திறந்து, நல்லெண்ணெயில கடுகு, வெந்தயம், பெருங்காயம் தாளிச்சு ஊத்திச் சுண்டவிட்டா அரை மணி நேரத்துல தொக்கு. ரசத்துக்கும் அதுவே.

டிட்ராய்ட் ஈஸ்டர்ன் மார்க்கெட்ல சனிக்கிழமை காலைல ரோமா தக்காளி புஷல் கணக்குல கிடைக்கும். ஒரு புஷல் 53 பவுண்டு, நசுக்கி அடைச்சா 17-ல இருந்து 20 குவார்ட் தேறும். முதல் தடவைக்கு அரை புஷல் போதும். வர்ற சனிக்கிழமை நான் போறேன், நீங்களும் வர்றதா இருந்தா அங்கேருந்து நேரா எங்க வீட்டுக்கே வந்து ஒரு தடவை என்கூட செஞ்சு பாருங்க, கேனரை அதுக்கப்புறம் வாங்கிக்கலாம். ஜாடி என்கிட்ட நிறைய இருக்கு. மூடி மட்டும் புதுசா ஒரு டப்பா வாங்கிட்டு வாங்க, ஒரு தடவை இறுகின மூடியைத் திரும்பப் போட முடியாது.