வீட்டுக்காரர் தியானத்தில் இறங்கிவிட்டார், வீடு என்ன செய்யும்?

கேள்வி: மன்னவனூர் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. பூண்டு, கேரட், உருளைக்கிழங்கு போடுகிறோம். எனக்கு 37 வயது, வீட்டுக்காரருக்கு 43. அவருக்குக் குடிப்பழக்கம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் தைப்பூசத்துக்கு மாலை போட்டுப் பழனிக்கு நடந்து போனவர், அதோடு குடியை விட்டார். அப்புறம் பத்து நாள் மௌனத் தியான முகாமுக்குப் போய்வந்தார். அதிலிருந்து ஆளே மாறிவிட்டார். காலை 4 மணிக்குக் குளித்துவிட்டு உட்காருகிறார், மாலையிலும் இரண்டு மணி நேரம். வீட்டில் கறி, மீன் மட்டுமல்ல, பூண்டு, வெங்காயமும் கூடாது என்கிறார். ஒரு வருடமாகத் தனியாகப் படுக்கிறார். என் தங்கை மகள் சடங்குக்குக்கூட வரவில்லை. எதைக் கேட்டாலும் 'எல்லாம் பற்று' என்று எழுந்துபோகிறார். கத்துவதில்லை, அடிப்பதில்லை. 'குடிக்காமல் இருக்கிறானே, அது போதாதா? சாமி காரியத்தில் குறுக்கே நிற்காதே' என்கிறார் மாமியார். 13 வயது மகள், 'அப்பாவுக்கு நம்மளப் பிடிக்கலையாம்மா?' என்று கேட்கிறாள். நான் வருத்தப்படுவது தப்பா? என்ன செய்வது?

பதில்: தப்பே இல்லை, சகோதரி. அவர் குடித்த காலத்தில் நீங்கள் சண்டை போட்டிருந்தால் ஊர் உங்கள் பக்கம் நின்றிருக்கும். இப்போது அவர் செய்வது நல்ல காரியம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். வாய் திறந்தால் நாம்தான் கெட்டவள் ஆகிவிடுவோமோ என்ற பயம் உங்களுக்கு வந்துவிட்டது. கொடைக்கானல் மலையில் குடும்ப ஆலோசனைக்கு வரும் பெண்கள் பலரிடம் இந்தப் பயத்தைப் பார்க்கிறேன். தியானம் நானும் செய்கிறவள், அதன் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் ஒருவர் எடுத்த விரதத்தை இன்னொருவர் சேர்ந்து சுமக்க வேண்டியிருந்தால், அவரைக் கேட்டுத்தான் அதை எடுக்க வேண்டும். உங்களை யாரும் கேட்கவில்லை. வருத்தம் அங்கேதான் தொடங்கியிருக்கிறது.

கொஞ்சம் கணக்குப் பாருங்கள். தை மாத உறைபனியில் 4 மணிக் குளியலுக்கு வெந்நீர் வைப்பது யார்? அவர் கண் மூடி உட்கார்ந்திருக்கும் மாலை நேரத்தில் மகளுக்குப் பாடம் பார்ப்பது, வேலைக்கு வந்தவர்களுக்குக் கூலி கொடுத்து அனுப்புவது யார்? அவருக்கு ஒரு குழம்பு, மற்றவர்களுக்கு ஒரு குழம்பு. விசேஷ வீட்டில் 'மாப்பிள்ளை எங்கே?' என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வதும் ஒரு வேலைதான். இவற்றில் பாதி உங்கள் தலையில் இருந்தாலும், அவருடைய சாதனையில் உங்கள் உழைப்பும் கலந்திருக்கிறது. இதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். 'நீங்க மாறிட்டீங்க' என்று பொதுவாகச் சொன்னால் புலம்பலாகத்தான் அவர் காதில் விழும். 'சாயங்காலம் 5 மணியிலிருந்து 7 மணி வரை இந்த நாலு வேலையும் நான் ஒருத்தியே பார்க்கிறேன்' என்று சொன்னால் அவர் எழுந்துபோவது அவ்வளவு சுலபமாக இருக்காது.

பழனிக்கு மாலை போட்டிருந்த நாட்களில் இப்படிக் கஷ்டம் இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். மாலை போடும் நாள் வீட்டுக்குத் தெரியும், கழற்றும் நாளும் தெரியும். அத்தனை நாளும் வீடே சேர்ந்து கறி சமைக்காமல் இருக்கும், கிளம்புகிற அன்று சேர்ந்து வழியனுப்பும். பஞ்சாமிர்தத்தோடு திரும்பி வந்து மாலையைக் கழற்றியதும் அவர் பழையபடி வீட்டு மனிதர். விரதத்துக்கு நாள் குறித்து வைத்த பெரியவர்கள், கூட இருப்பவர்களையும் மனதில் வைத்துத்தான் குறித்திருப்பார்கள் என்பது என் எண்ணம். இப்போது அவர் இருக்கும் விரதத்துக்கு முடிவு நாளே கிடையாது. அதனால் உங்கள் முதல் கோரிக்கை இதுவாக இருக்கட்டும்: 'விடச் சொல்லவில்லை. எந்தக் கட்டுப்பாடு எத்தனை நாளைக்கு என்று சொல்லுங்கள். அந்த நாள் வந்ததும் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசுவோம்.' ஒரு மண்டலம், 48 நாள், தொடங்குவதற்கு நல்ல அளவு.

அடுத்து, 'எல்லாம் பற்று' என்று அவர் சொல்வது. அவர் போனது கோயங்கா என்ற ஆசிரியர் வழியில் நடக்கும் விபாசனா என்ற பௌத்தத் தியான முகாமாக இருந்தால், அந்த வழியே அவரை வீட்டுப் பக்கம்தான் திருப்புகிறது. கோயங்கா பர்மாவில் வியாபாரம் பார்த்த குடும்பஸ்தர். 1969-இல் இந்தியாவில் கற்றுக்கொடுக்கத் தொடங்கியவர், பின்னால் மனைவியையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டே முகாம்களை நடத்தினார். முகாமில் மௌனமும் முழு பிரம்மசரியமும் கட்டாயம்; ஆனால் அவை முகாமின் விதிகள். வீட்டுக்குத் திரும்புகிறவர்களுக்குச் சொல்வது காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம், அதோடு ஐந்து ஒழுக்கங்கள். அந்த ஐந்தில் இல்லறத்தாருக்கு உள்ளது முறை தவறிய உறவு கூடாது என்பதுதான். கட்டிய மனைவியை விட்டு விலகு என்று அதில் இல்லை. பத்தாம் நாள் மௌனம் முடிந்ததும் எல்லா உயிருக்கும் நன்மை வேண்டும் மைத்ரி தியானத்தைக் கற்றுத்தருகிறார்கள். அந்த எல்லா உயிரிலும் மகள் இருக்கிறாள் இல்லையா? இதை நீங்கள் அவரிடம் தாராளமாகக் கேட்கலாம்.

நம் மலையிலேயே பெருமாள்மலையில் போதி ஜென்டோ இருக்கிறது. அமா சாமி என்ற இயேசு சபைக் குருவானவர் 1996-இல் தொடங்கிய, ஜென் என்ற பௌத்தத் தியான வழியைச் சேர்ந்த மையம். அங்கே உட்காருவதற்கு நேரம் ஒதுக்கியிருப்பது போலவே கைவேலைக்கும் நேரம் உண்டு. தோட்ட வேலையும் துப்புரவும் சாதனையில் சேர்த்திதான். திருவண்ணாமலையில் ரமணரிடம், வீட்டைத் துறந்து வந்துவிடட்டுமா என்று கேட்ட இல்லறத்தாரை அவர் பொதுவாக ஊக்கப்படுத்தவில்லை. எங்கே போனாலும் மனம் கூடவே வரும் என்பதே அவர் சொன்னதன் சாரம்.

இன்னொரு கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். கொங்கணவர் பழனி போகரின் சீடர் என்று சித்தர் மரபு சொல்கிறது. தன் மேல் எச்சமிட்ட கொக்கைப் பார்வையாலேயே எரித்தவர், வள்ளுவர் வீட்டு வாசலில் பிச்சைக்கு நின்றார். வாசுகி அம்மையார் வரத் தாமதமானதும் அதே பார்வையை வீசினார். 'கொக்கென்று நினைத்தாயோ கொங்கணவா?' என்று அந்த அம்மாள் கேட்டார். கதையைப் பெரும்பாலும் பதிவிரதையின் பெருமைக்காகச் சொல்வார்கள். எனக்கு அதில் பெரிதாகத் தெரிவது வேறு. காட்டில் அத்தனை வருடம் தவம் இருந்தவருக்கு, ஒரு வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் பொறுமையாக நிற்க முடியவில்லை. தவம் எவ்வளவு தூரம் வேலை செய்திருக்கிறது என்று சோதித்துப் பார்க்க வீட்டைவிட நல்ல இடம் கிடையாது. உங்கள் கணவர் கேள்வி வந்ததும் எழுந்துபோகிறார் என்றால், அவர் உட்கார்ந்து பழக வேண்டிய இடம் அந்தக் கேள்விக்கு முன்னால்தான்.

இனி பூண்டு. பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி வீடுகளில் பூண்டுதான் பிள்ளைகளைப் படிக்கவைக்கிறது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. பூண்டும் வெங்காயமும் மனதைக் கிளறும் என்று யோக மரபில் ஒரு கருத்து உண்டு, அவர் அதை நம்பி ஒதுக்கினால் அது அவர் உடம்பு, அவர் விருப்பம். அதே பூண்டைச் சித்த மருத்துவம் மருந்தாக எடுக்கிறது, பிள்ளை பெற்றவளுக்கு நாம் பூண்டுக்குழம்பு வைத்துக் கொடுக்கிறோம். ஆகவே தடை அவர் தட்டோடு நிற்கட்டும், அடுப்படிக்கு வரவேண்டாம். பருப்பு, காய், ரசம் எல்லாவற்றிலும் பூண்டு, வெங்காயம் சேர்க்கும் முன்பே அவருக்கு எடுத்துவைத்துவிட்டு, மற்றவர்களுக்குக் கடைசியில் தாளித்துக் கொட்டலாம். தனிச் சமையல் வேண்டும் என்றால் வாரத்தில் சில நாள் அவரே சமைக்கட்டும். ஜென் மடங்களில் சமையல்காரர் பொறுப்பு மூத்த துறவிக்குத்தான் போகும். அதை அவர் குறைவாக நினைக்கத் தேவையில்லை.

படுக்கை விஷயம் எழுதக் கூச்சமாக இருந்திருக்கும், ஆனாலும் எழுதினீர்கள். திருநீலகண்ட நாயனாரும் மனைவியும் ஒரே வீட்டில் முதுமை வரை தொடாமல் வாழ்ந்தார்கள் என்று பெரியபுராணம் சொல்கிறது. அங்கே தவறு கணவருடையது, விலகச் சொன்னது மனைவி, அதைக் கணவர் கடைசி வரை மதித்தார். காரணம் இருவருக்கும் தெரியும். உங்கள் வீட்டில் முடிவு ஒருவருடையது, காரணம் உங்களுக்குச் சொல்லப்படவே இல்லை. பிரம்மசரியம் வேண்டும் என்றால் அவர் அதை உங்களிடம் கேட்க வேண்டும், நீங்கள் சம்மதிக்கலாம், மறுக்கலாம், கொஞ்ச நாளைக்கு என்று ஒப்புக்கொள்ளலாம். உங்களுக்கு விருப்பமில்லாமல் ஒப்புக்கொள்ள வேண்டிய கடமை எதுவும் கிடையாது. அதே போல அவரையும் வற்புறுத்த முடியாது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடிப்பது, காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது, இவை எந்த விரதத்தையும் முறிக்காது. இதைத் தனியாகக் கேளுங்கள். அதோடு, சில சமயம் விலகலுக்குக் காரணம் ஆன்மிகமாக இருக்காது. பல வருடக் குடி உடம்பைப் பாதித்து ஆண்மைக் குறைவைக் கொண்டுவரும்; அதைச் சொல்ல வெட்கப்பட்டு விரதத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறவர்கள் உண்டு. மருத்துவரிடம் போனால் பெரும்பாலும் வழி இருக்கும்.

குடியைப் பற்றி மாமியார் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. குடியை விட்டவருக்கு நேரம் தவறாத பழக்கம் ஒன்று கைப்பிடியாக இருக்கும். அதை ஒரே இழுப்பாகப் பிடுங்கினால் ஆபத்து. அதனால் காலைத் தியானத்தில் கை வைக்காதீர்கள், பேரம் மாலை நேரத்தில் மட்டும் இருக்கட்டும். 'அது போதாதா' என்பதற்கு என் பதில், போதாது என்பதுதான். குடிக்காத கணவர் வேண்டும் என்று நீங்கள் கேட்டது, அவர் வீட்டுக்குத் திரும்பி வரவேண்டும் என்பதற்காக. குடித்தவரின் குடும்பமும் தேற வேண்டும் என்பதற்காகவே அல்-அனான் என்ற அமைப்பு 1951-லிருந்து இயங்குகிறது.

ஒன்றை மட்டும் கவனமாகப் பாருங்கள். அவருக்குத் தூக்கம் மிகவும் குறைந்திருக்கிறதா, மெலிந்துகொண்டே போகிறாரா, தோட்ட வேலையிலும் பிடிப்பு இல்லையா, 'இருந்து என்ன' என்பது போலப் பேசுகிறாரா, இல்லாத குரல் கேட்பதாகச் சொல்கிறாரா? அப்படி இருந்தால் அது மனச்சோர்வாகவோ வேறு மன நோயாகவோ இருக்கலாம். அளவுக்கு மீறிய தியானமே சிலருக்குப் பதற்றத்தையும் தூக்கமின்மையையும் கொடுக்கும். 14416 என்ற எண்ணில், அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலிமானஸ் ஆலோசகர்களிடம் எந்த நேரமும் தமிழில் இலவசமாகப் பேசலாம். நீங்கள் பேசினாலும் போதும். நேரில் பார்க்க திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

பேசுவதற்கு நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். தியானம் முடிந்து எழுந்ததும் வேண்டாம், மாமியார் முன்னால் வேண்டவே வேண்டாம். இருவரும் சேர்ந்து தோட்டத்தில் இருக்கும்போது, கை வேலையில் இருக்கும்போது பேச்சு சுலபமாக வரும். ஒரு நாளைக்கு ஒரே ஒரு விஷயம். முதலில் மாலை நேரம்: இரண்டு மணியை ஒரு மணி ஆக்கி, மிச்ச ஒரு மணி நேரம் மகளோடு. அது ஒத்துவந்த பிறகு சமையல். படுக்கை கடைசியில்.

மகளுக்கு நீங்கள் பதில் சொல்லாதீர்கள். 'உங்கப்பாவுக்குச் சாமிதான் முக்கியம்' என்று கோபத்தில் வந்துவிடும், அது அவள் மனதில் தங்கிவிடும். அவள் கேட்ட வார்த்தையை அப்படியே அவரிடம் கொண்டுபோய்ச் சேருங்கள், கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். அவளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

நிலத்தை ஆசிரமத்துக்கு எழுதிவைக்கிறேன் என்ற பேச்சு எழுந்தால் மட்டும் தாமதிக்காமல் வக்கீலைப் பாருங்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் அவர் எழுந்துபோனால், உறவுக்காரர்களைக் கூட்டிப் பஞ்சாயத்து வைக்காதீர்கள். கூட்டத்துக்கு முன் அவர் இன்னும் இறுகிவிடுவார். அவரைப் பழனிக்கு நடத்திக் கூட்டிப்போன பாதயாத்திரைக் குழுவின் குருசாமி இருப்பார் இல்லையா? அவரிடம் போங்கள். வருடக்கணக்காகக் குடும்பஸ்தர்களுக்கு மாலை போட்டு, நடக்கவைத்து, திரும்ப வீட்டில் கொண்டுவந்து விடுகிறவர். இதை அவருக்கு நீட்டி விளக்க வேண்டியிருக்காது. அடுத்த தைப்பூசத்துக்கு மாலை போடும் முன் குழு கூடும்போது, உங்கள் கணவரைத் தனியாக உட்காரவைத்துப் பேசும்படி கேளுங்கள்.