ஜெர்மனியில் காட்டுப்பன்றிக் கறியை மக்கள் விரும்பிச் சாப்பிடுகிறார்களா?

விரும்புகிறார்கள், ஆனால் அடிக்கடி இல்லை. மான் கறியும் காட்டுப்பன்றிக் கறியும் அங்கே சட்டப்படி கடையில் கிடைக்கும். காட்டு விலங்கு வேட்டையைத் தடுக்கும் இந்தியாவின் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பழகிய நமக்கு இது விசித்திரம்தான். ஜெர்மனியில் பல வீடுகளில் அந்தக் கறி இலையுதிர் காலத்திலும் கிறிஸ்துமஸிலும் செய்யும் விசேஷச் சமையல்.

பண்ணையில் அடைத்து வளர்க்காதது, கொழுப்பு குறைவு என்பார்கள் பிடித்தவர்கள். மற்றவர்களுக்கு அந்த வாடை ஆகாது, சமைக்கவும் தெரியாது.

காட்டுப்பன்றி மேலுள்ள பயம் மட்டும் தனி ரகம். 1986 செர்னோபில் அணு உலை விபத்தில் பரவிய சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருள் தென் ஜெர்மனிக் காட்டு மண்ணில் இன்னும் இருக்கிறது. மண்ணுக்கடியில் வளரும் ஒருவகைக் காளானில் அது சேர்கிறது. பன்றி அதைத் தோண்டித் தின்கிறது. மான் கறியில் அளவு குறைந்துகொண்டே வந்தும் பன்றியில் அவ்வளவாகக் குறையாததற்கு இதுதான் முக்கியக் காரணம். (பழைய அணுகுண்டுச் சோதனைகளின் பங்கும் உண்டு என்று 2023இல் ஓர் ஆய்வு காட்டியது.) சீசியத்தின் கதிரியக்கம் கிலோவுக்கு 600 பெக்கரலை (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) தாண்டிய கறியை விற்கக் கூடாது. அப்புறம், டிரிக்கினெல்லா என்ற புழு இருக்கிறதா என்ற சோதனையும் கட்டாயம்.

என்னைக் கேட்டால், கதிர்வீச்சைவிட ஈயத் தோட்டாவின் துகள்களைப் பற்றித்தான் அதிகம் யோசிக்க வேண்டும். ஈயத் தோட்டாவால் சுட்ட கறியைக் கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் தவிர்க்கும்படி அந்நாட்டு அரசு நிறுவனமே சொல்கிறது.