நாகர்கோவிலிலிருந்து லண்டனுக்கு விமானத்தில் எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம்?

குமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. அதனால் கணக்கைத் திருவனந்தபுரத்தில் தொடங்க வேண்டும். அங்கிருந்து லண்டன் ஹீத்ரோவுக்கு நேர்கோட்டில் சுமார் 8,400 கி.மீ. துபாய் வழியாகப் போனால் திருவனந்தபுரம்–துபாய் ஏறக்குறைய 2,950, துபாய்–லண்டன் 5,500, ஆகமொத்தம் 8,450. 'துபாய் சுத்திப் போகணுமா' என்று பலர் தயங்குகிறார்கள். சுற்று என்று சொல்ல அதில் ஒன்றுமே இல்லை, 50 கி.மீ.தான் கூடுதல். சுவரில் தொங்கும் உலகப்படத்தைப் பார்த்தால் இது பிடிபடாது. பூகோள உருண்டையில் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். அரபிக்கடல், ஈரான், துருக்கி, கருங்கடல் என்று வடமேற்காக வளைந்து போகும்.

8,400-ஐ 900 கி.மீ. வேகத்தால் வகுத்து 'ஒன்பதேகால் மணி நேரம்' என்று முடிவு கட்டாதீர்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலே ஏறுவது, இறங்க வரிசையில் காத்திருப்பது எல்லாம் தனி. துபாய்க்கு நாலேகால் மணி, அங்கிருந்து லண்டனுக்கு ஏழரை மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். உயரத்தில் காற்று மேற்கிலிருந்து கிழக்காக வீசுவதால், போகும்போது எதிர்க்காற்று. திரும்பும்போது அதே காற்று தள்ளிவிடும், முக்கால் மணி வரை மிச்சமாகும்.

டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். உதாரணமாக, ஜனவரியில் அதிகாலை 4.30-க்குப் புறப்பட்டு, துபாயில் 3 மணி நேரம் காத்திருந்து ஏறினால் லண்டனில் பகல் 1.45. ஒன்பதேகால் மணி நேரம் மாதிரி தெரியும். நம்மூர் கடிகாரத்தில் அப்போது இரவு 7.15, அதாவது 14 மணி 45 நிமிடம். குளிர்காலத்தில் லண்டன் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாலரை மணி. உண்மையான பயண நேரம் தெரிய, டிக்கெட்டில் தெரியும் மணிக்கணக்கோடு போகும்போது இந்த வித்தியாசத்தைக் கூட்டுங்கள், வரும்போது கழியுங்கள்.

இரண்டு விமானமும் ஒரே பிஎன்ஆரில், அதாவது ஒரே முன்பதிவு எண்ணில் இருக்கட்டும். தனித்தனி டிக்கெட் விலை குறைவாக இருக்கலாம். ஆனால் முதல் விமானம் தாமதமாகி அடுத்தது போய்விட்டால், இரண்டாவது டிக்கெட் காசு பெரும்பாலும் போனதுதான்.

பலர் ஏமாறுவது தேதியில். '13-ஆம் தேதி 01.10' என்றால் 12-ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். மூன்று மணி நேரம் முன்னால், அதாவது 10.10-க்குள். நாகர்கோவிலிலிருந்து சாலை வழி ஏறக்குறைய 70 கி.மீ.தான், ஆனால் மார்த்தாண்டம், நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் மூன்றிலும் மாலை நேரத்தில் வண்டி நகராது. ஏழு மணிக்கே கிளம்புங்கள். டிரைவரிடம் 'சாக்கை பக்கம், இன்டர்நேஷனல் டெர்மினல்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சங்குமுகம் பக்கம் இருப்பது உள்நாட்டு டெர்மினல்.