முதலில் மருந்து

அன்புள்ள அக்கா,

ஸ்தோத்திரம். நாங்கள் ஓசூரில் இருக்கிறோம். இரண்டு பையன்கள், மூத்தவன் ஆறாம் வகுப்பு. எங்கள் சபைப் பெண்களின் வாட்ஸ்அப் குழுவில் இந்த ஆண்டு ஒரு தீர்மானம் எடுத்தோம். தினமும் வீட்டில் நடக்கும் ஏதாவது ஒன்றிலிருந்து பிள்ளைகளுக்கு ஒரு விசுவாசப் பாடம் சொல்லி, அதை வசனத்தோடு குழுவில் போட வேண்டும். மோர் கொட்டினால் மன்னிப்பு, கரண்ட் போனால் ஒளி, ரசத்தில் உப்பு குறைந்தால் 'நீங்கள் பூமிக்கு உப்பு'. மகன் பரீட்சை மார்க்கை மறைத்துப் பொய் சொன்னதையும் பாடமாக எழுதினேன், நிறையப் பேர் பாராட்டினார்கள். ஆனால் இப்போது அவன், "நான் கீழ விழுந்தா முதல்ல மருந்து போடுங்கம்மா, அப்புறம் வசனம் சொல்லுங்க" என்கிறான். மனசு கஷ்டமாக இருக்கிறது.

கணவர் ஆவிக்குரிய காரியங்களில் ஆர்வம் இல்லாதவர். ஷிஃப்ட் முடிந்து வந்து பிள்ளைகளின் யூனிஃபார்மைத் தேய்த்து வைப்பார், ஷூவுக்குப் பாலிஷ் போடுவார், குடும்ப ஜெபத்தில் ஓரமாக உட்கார்ந்து கண்ணயர்ந்துவிடுவார். தலைவராக நின்று நடத்துங்கள் என்றால் மாட்டேன் என்கிறார். நானே நடத்தலாமா? பிள்ளைகளுக்குத் தமிழ் வேதாகமம் கடினமாக இருக்கிறது, ஆங்கிலத்தில் வாசிக்கலாமா? அன்றாட வாழ்க்கையில் இன்னும் நல்ல பாடங்களைக் கண்டுபிடிப்பது எப்படி? புத்தகம் இருந்தால் சொல்லுங்கள். என் பெயர் வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

போன மாதம் ஊருக்குப் போனபோது எங்கள் கோயில் வாசலில், காணிக்கையாகக் கைப்பிடி அரிசி போடுகிற பிடியரிசிப் பெட்டியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு கியூஆர் கோடு அட்டையை ஒட்டியிருந்தார்கள். அன்றிலிருந்து எனக்குள் ஓடிக்கொண்டிருந்த ஒரு விஷயத்தை உங்கள் கடிதம் தொட்டுவிட்டது, அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

சின்னக் கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். புத்தகம் எதுவும் வேண்டாம். வேதாகமத்தைத் தமிழிலேயே வாசியுங்கள், புரியாத வார்த்தையைக் கேட்டால் சொல்லுங்கள், அவ்வளவுதான். நீங்கள் ஜெபம் நடத்தலாமா என்றால், தாராளமாக நடத்தலாம். இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற ஊரில் 1711-12 குளிர்காலத்தில், குருவானவரான கணவர் லண்டனில் இருந்தபோது, சுசன்னா வெஸ்லி தன் பிள்ளைகளுக்காக ஞாயிறு மாலை வீட்டில் ஜெபம் நடத்தினார். அக்கம்பக்கத்தார் வரத் தொடங்கி, இருநூறு பேர் வரை கூடினார்கள். கணவர் ஆட்சேபித்தபோது, நிறுத்த வேண்டும் என்றால் விருப்பமாகச் சொல்லாதீர்கள், தெளிவாகக் கட்டளையாகவே கொடுங்கள் என்று சுசன்னா பதில் எழுதினார். அந்த வீட்டில் அப்போது எட்டு வயதுப் பையனாக இருந்தவர்தான், பிற்பாடு மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி. ஆகவே இதற்கு மேல் யோசிக்க வேண்டாம்.

இனி திட்டப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கணவரைப் பற்றி எழுதிய பத்தியை நீங்களே ஒருமுறை சத்தமாக வாசித்துப் பாருங்கள். நாள் முழுக்கவோ ராத்திரி முழுக்கவோ தொழிற்சாலையில் நின்றுவிட்டு வந்த மனுஷன், படுக்கப் போகாமல் இரண்டு பிள்ளைகளின் சட்டையைத் தேய்த்து, ஷூவைத் துடைத்து வைக்கிறார். அதை நீங்கள் குறையாக எழுதியிருக்கிறீர்கள்! ரசத்தில் உப்பு குறைந்ததில் பாடம் தேடத் தெரிந்த உங்களுக்கு, தேய்ப்புப் பெட்டியோடு நிற்கிற அந்த ஆளைத் தெரியவில்லையா? 1522-இல் திருமணத்தைப் பற்றி மார்ட்டின் லூத்தர் ஒரு சிறுநூல் எழுதினார். அப்போது அவருக்கே கல்யாணம் ஆகவில்லை, 1525-இல்தான் ஆனது. அதில் ஒரு தகப்பன் குழந்தையின் அழுக்குத் துணியை அலசுகிறான், பார்க்கிறவர்கள் பொம்பளை வேலை செய்கிறான் என்று கேலி பேசுகிறார்கள், ஆனால் அவன் அதை விசுவாசத்தோடு செய்கிறபோது தேவனும் தூதர்களும் எல்லாச் சிருஷ்டிகளும் சந்தோஷப்பட்டுச் சிரிக்கிறார்கள் என்கிறார். துணி அலசுவதற்காக அல்ல, விசுவாசத்தில் செய்வதற்காக.

உடனே, "அதான் அக்கா, அவருக்கு அந்த விசுவாசம்தானே இல்லை" என்று எழுதாதீர்கள். கேட்டிருக்கிறீர்களா? சட்டையைத் தேய்க்கும்போது மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறீர்களா? வாய்திறந்து ஜெபிக்க வராதவர்களை ஆவிக்குரியவர்கள் இல்லை என்று எழுதித் தள்ளுவது நம் சபைகளில் பழகிப்போய்விட்டது, அதில் அதிகம் அடிபடுகிறவர்கள் இப்படி ஷிஃப்டிலும் கடலிலும் வயலிலும் உழைத்துவிட்டு வந்து கடைசி பெஞ்சில் தூங்கிவிழுகிற ஆண்கள். தூங்கட்டும். ஜெபத்தில் தூங்கியவர்களைப் பற்றி இயேசு, ஆவி உற்சாகமுள்ளது, மாம்சம் பலவீனமுள்ளது என்றுதான் சொன்னார், அதுவும் தம்முடைய மிக மோசமான ராத்திரியில், கெத்செமனே தோட்டத்தில். நீங்கள் கெத்செமனேயிலா இருக்கிறீர்கள்? உங்கள் பிள்ளைகள் நாளைக்கு எதை நினைவில் வைத்திருப்பார்கள் என்று நினைக்கிறீர்கள்? குழுவில் போட்ட பாடத்தையா, காலையில் சூடு ஆறாமல் மடித்து வைத்திருந்த சட்டையையா?

சரி, பிடியரிசிக்கு வருகிறேன்.

எங்கள் அப்பாவுக்குத் தூத்துக்குடி உப்பளத்தில் கூலி வேலை. ஐப்பசி மழை விழுந்தால் அளத்தில் வேலை நின்றுவிடும், தை வரைக்கும் வீட்டில் இழுபறிதான். ஆச்சி உழக்கால் அரிசியை அளந்து சுளகில் கொட்டிக் கல் பொறுக்குவாள். உலையில் போடும் முன்னால் ஒரு கைப்பிடி அள்ளி, அடுப்படி மூலையில் இருந்த சின்னக் கலயத்தில் போட்டு ஓலைத் தட்டால் மூடுவாள். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். உபதேசியார் எல்லாருடைய அரிசியையும் சேர்த்து விற்று மிஷனெரிக் காணிக்கையில் சேர்ப்பார். இது எங்கள் ஊரின் தனி வழக்கம் இல்லை, மிசோரத்துப் பெண்களும் நூறு வருடத்துக்கு மேலாக இப்படிப் பிடியரிசி எடுத்துத்தான் தங்கள் சபையைத் தாங்கி வருகிறார்கள். 1903-இல் திருநெல்வேலிச் சபையார் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கித் தெலுங்கு தேசத்துத் தோர்ணக்கல் பக்கம் ஆட்களை அனுப்பியபோது, இந்தியரின் பணத்தால் இந்தியரே நடத்துவது என்று உறுதி எடுத்தார்கள். பணம் என்றால் எங்கள் பக்கத்து ஜனங்களிடம் இருந்தது இதுதான்.

ஒரு கார்த்திகை மாசம். அளந்ததே அரை வயிற்றுக்குத்தான். ஆச்சி வழக்கம்போல அள்ளினாள். அம்மா கையைப் பிடித்துவிட்டாள். "பிள்ளைகளுக்கே கஞ்சி பத்தல, இன்னைக்குமா?" என்று கத்தினாள். ஆச்சி கையை விடுவித்துக்கொண்டு அரிசியைக் கலயத்தில் போட்டுவிட்டு எழுந்து போனாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. அம்மாவும் சாப்பிடவில்லை, அது கோபத்தில்.

ராத்திரி பாயில் படுத்திருக்கும்போது நான்தான் கேட்டேன், ஏன் ஆச்சி எடுக்கீங்க என்று. "எங்க ஐயா கொழும்புக்குப் போனாவ, திரும்பி வரல. எங்க அம்மைக்கு நாலு பிள்ளை. கோயில்ல குடுத்த அரிசிலதான் கஞ்சி குடிச்சோம். குடிக்கும்போது யாரு கலயத்துல இருந்து வந்துச்சின்னு கேட்டமா?" அவ்வளவுதான் சொன்னாள், திரும்பிப் படுத்துவிட்டாள்.

தங்கச்சி, நீங்கள் உபாகமம் 6-ஆம் அதிகாரத்தை நம்பித்தான் இந்தத் தீர்மானத்தை எடுத்திருப்பீர்கள். வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோதும் வழியில் நடக்கிறபோதும் பேசு என்று இருக்கிறது, உண்மைதான். ஆனால் அதற்கு முந்தின வசனம் இந்த வார்த்தைகள் முதலில் உன் இருதயத்தில் இருக்க வேண்டும் என்கிறது. அதே அதிகாரத்தில் கொஞ்சம் கீழே இறங்குங்கள், 20-ஆம் வசனம். நாளைக்கு உன் மகன் இதெல்லாம் என்ன என்று உன்னைக் கேட்கும்போது, நாங்கள் எகிப்தில் அடிமைகளாயிருந்தோம் என்று சொல் என்கிறது. யாத்திராகமத்தில் பஸ்கா ராத்திரியிலும் பிள்ளைதான் கேட்கிறான். யோசுவாவில் யோர்தானிலிருந்து எடுத்த கற்களைப் பார்த்தும் பிள்ளைதான் கேட்கிறான். பெரியவர்கள் செய்ய வேண்டியதைச் செய்கிறார்கள், பிள்ளை பார்க்கிறான், அவனுக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது கேட்கிறான், அதற்குப் பதிலாகக் கிடைப்பது எங்களுக்கு என்ன நடந்தது என்ற கதை. நீங்களோ அவன் கேட்பதற்கு இடமே வைக்காமல் சொல்லிக்கொண்டே இருக்கிறீர்கள். அவன் எதைக் கேட்பான்?

அம்மா தப்பு, ஆச்சி சரி என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். எலியாவுக்கு அப்பம் கொடுத்த சாறிபாத் விதவையின் பானையில் மாவு குறையாமல் இருந்ததைப் போல எங்கள் வீட்டு அரிசி குறையாமல் இருந்துவிடவும் இல்லை. பசித்த பிள்ளைக்காக மாமியார் கையைப் பிடித்த அம்மாவின் விசுவாசத்தை எடைபோட எனக்குத் துணிச்சல் கிடையாது. ஆச்சி காலமான பிறகு அம்மா பிடியரிசி எடுக்கவில்லை. அதை வைத்து அவளைக் குறைத்துப் பேசினால் நான் சண்டைக்கே வருவேன். அந்தச் சாயங்காலத்தை உங்கள் குழுவில் போட வேண்டும் என்றால் எந்த வசனத்தைப் போடுவீர்கள், யார் பக்கம் போடுவீர்கள்?

மகன் விஷயம். மருந்து முதலில், வசனம் அப்புறம் என்றானே, அவன் லூக்கா 10-ஐச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறான். அந்தச் சமாரியன் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயத்தைக் கட்டினான், சத்திரத்துக்குக் கொண்டுபோனான், பணம் கட்டினான். அடிபட்டவனிடம் ஒரு வார்த்தை பேசினதாகக்கூட லூக்கா எழுதவில்லை. ஆனால் உங்கள் மகன் பொய் சொன்னதை எடுத்துப் பத்துப் பேர் பார்க்கப் போட்டீர்களே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவன் வயசு என்ன, பதினொன்றா? இயேசு பன்னிரண்டு வயதில் எருசலேமில் தங்கிவிட்டபோது மரியாள் மூன்று நாள் தவித்துத் தேடினாள், கண்டுபிடித்ததும் ஏன் எங்களுக்கு இப்படிச் செய்தாய் என்று கடிந்தாள், அவர் சொன்ன பதில் அவளுக்கு விளங்கவும் இல்லை. ஊருக்கு வந்து யாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கவில்லை, எல்லாவற்றையும் தன் இருதயத்திலே வைத்துக்கொண்டாள். உங்கள் பிள்ளையின் குற்றம் உங்களிடம் நம்பி விழுந்த ஒன்று. அதை நாலு பேர் கைதட்ட எடுத்துக் கொடுக்கலாமா?

அந்தப் பதிவை இன்றைக்கே அழியுங்கள். எல்லாருக்கும் போய்ச் சேர்ந்து நாளாகிவிட்டது, அழிக்க முடியாது என்றால், பொறுப்பாக இருக்கிற அக்காவிடம் நேரில் சொல்லி, எல்லாரும் அந்தப் பதிவைத் தங்கள் போனிலிருந்து அழிக்கும்படி கேட்கச் சொல்லுங்கள். பிறகு மகனைத் தனியாகக் கூப்பிட்டு, உன்னைக் கேட்காமல் போட்டது தப்பு, மன்னித்துக்கொள் என்று சொல்லுங்கள். வசனம் எதுவும் சேர்க்காமல் சொல்லுங்கள். ஜெப நேரத்தை உங்கள் கணவர் தூங்கி எழுந்த பிறகு வருகிற மாதிரி மாற்றிக்கொள்ளுங்கள். குழுவில் தினசரிப் பாடம் ஏன் வரவில்லை என்று கேட்டால், என்னைக் கைகாட்டிவிடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.