டர்பன் கல்லூரி நூலகத்தில் ஓடாத சென்னை டிவிடிகள்
வணக்கம். சென்னையிலிருந்து வரவழைத்த படங்கள் டர்பனில் ஓடவில்லை, மீதிப் பணத்தில் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று கேட்டிருந்தீர்கள்.

காரணம் பெரும்பாலும் மண்டலக் குறியீடுதான், அதாவது வட்டு எந்தப் பகுதி நாடுகளின் பிளேயரில் ஓடும் என்று காட்டும் எண். இந்தியா 5, தென்னாப்பிரிக்கா 2. உறையின் பின்பக்கம் உலக உருண்டைப் படத்துக்குள் எண் இருக்கும். 'ஆல்' என்றிருந்தால் எங்கும் ஓடும். கணினி டிரைவில் மண்டலத்தை மாற்றி மாற்றிப் பார்க்காதீர்கள், 5 முறைக்குப் பிறகு பூட்டிக்கொள்ளும். எல்லா மண்டலத்துக்குமான பிளேயர் ஒன்று வாங்குங்கள், பழைய வட்டுகளும் பிழைக்கும்.

புதிய பட்டியலைப் பாடத்திட்டத்திலிருந்து தொடங்குங்கள்: எந்த ஆசிரியர், எந்தப் பருவத்தில், எந்தப் பாடத்துக்கு. தமிழ் வாசிக்க வராத மாணவர்கள் அங்கே அதிகம். ஆங்கில சப்டைட்டில் இல்லாத வட்டை வாங்கவே வேண்டாம். பாட்டுக்கும் சப்டைட்டில் வருகிறதா என்று ஓட்டிப் பாருங்கள். பல வட்டுகளில் பாட்டு தொடங்கியதும் சப்டைட்டில் நின்றுவிடும், கதை நகர்வதோ அங்கேதான். பொதுத் திரையிடலுக்கு உரிமையாளரிடம் தனி அனுமதி எழுத்தில் வேண்டும்.