தகப்பன் கொடுத்த சீட்டா?

கேள்வி: கார் பந்தயத்தில் டேமன் ஹில் உலக சாம்பியன் ஆனதற்கு அப்பா கிரஹாம் ஹில்லின் பெயர்தானே காரணம்? நல்ல காரும் கிடைத்துவிட்டது. இவரைப் பெரிய ஓட்டுநர் என்று சொல்லலாமா?
– ஒரு வாசகர், நீடாமங்கலம்

பதில்: தவிலுக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு இப்படிக் கேட்கிறீர்களே! மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் ஊர் அது. பெரிய வித்வானின் பிள்ளை வாசிக்க உட்கார்ந்தால், எதிரே இருக்கும் பெரியவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அப்பாவைத்தான் தேடுவார்கள். மகனின் கை பேசாவிட்டால் அடுத்த முகூர்த்தத்துக்கு அச்சாரம் வராது. இது உங்களுக்குத் தெரியாததா?

டேமனுக்கு உட்கார இடமே லேசில் கிடைக்கவில்லை. கிரஹாம் 1962, 1968 ஆண்டுகளின் சாம்பியன், மொனாக்கோவில் மட்டும் 5 முறை ஜெயித்தவர். 1975 நவம்பரில், பனிமூட்டத்தில் அவரே ஓட்டிவந்த விமானம் லண்டன் அருகே விழுந்தது. அவரும், கூட வந்த அவர் அணியினர் 5 பேரும் இறந்துபோனார்கள். டேமனுக்கு அப்போது வயது 15. காப்பீடு கைகொடுக்கவில்லை; இறந்தவர்களின் குடும்பங்களுக்கு ஈடு கொடுத்ததில் சொத்து கரைந்தது. மகன் லண்டனில் மோட்டார் சைக்கிள் கூரியர் வேலை பார்த்தார். அப்பா பெயருக்காகச் சில கதவுகள் திறந்திருக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கார் பந்தயத்தின் உச்சமான ஃபார்முலா 1 பந்தயத்தில் முதன்முதலாக ஓடும்போது அவருக்கு வயது 31. அதுவும் நொடித்துப்போன பிரபாம் அணியின் காரில்.

1994 மே 1ஆம் தேதி இத்தாலியின் இமோலா பந்தயத்தில், வில்லியம்ஸ் அணியின் முதல் ஓட்டுநர் அயர்டன் சென்னா விபத்தில் இறந்தார். அதே வில்லியம்ஸ் அணியில் இரண்டாவது ஓட்டுநராக இருந்த டேமன் தலையில் மொத்தப் பாரமும் இறங்கியது. அந்த மாதக் கடைசியில் ஸ்பெயினில் ஜெயித்தார். 1968இல் லோட்டஸ் அணியின் முன்னணி ஓட்டுநர் ஜிம் கிளார்க் இறந்தபோது, இடிந்து உட்கார்ந்த அந்த அணிக்கு அடுத்த வெற்றியைக் கொண்டுவந்தவர் கிரஹாம். அதுவும் ஸ்பெயினில்தான், அதுவும் மே மாதம்தான். அப்பாவிடமிருந்து மகனுக்கு ஏதாவது வந்தது என்றால், அது இந்த நெஞ்சுரம் என்றுதான் நான் சொல்வேன். 1994 பட்டத்தை டேமன், எதிரணி ஓட்டுநர் மைக்கேல் ஷூமாக்கரிடம் ஒரே ஒரு புள்ளியில் இழந்தார்.

சரி, நல்ல கார் என்கிறீர்கள். 1996இல் வில்லியம்ஸ்தான் சிறந்த கார், சந்தேகமில்லை. 16 பந்தயங்களில் 8 ஜெயித்துப் பட்டம் வாங்கினார். ஆனால் அந்தப் பருவம் முடியும் முன்பே, அடுத்த வருடத்துக்கு இவர் வேண்டாம் என்று அணி முடிவெடுத்துவிட்டது. எனக்கு அது இன்றும் ஆறவில்லை.

அப்புறம் 1997, ஹங்கேரி. ஒரு பந்தயம்கூட ஜெயித்திராத ஆரோஸ் அணியின் கார். டயர் அன்றைக்கு நன்றாக ஒத்துழைத்தது, உண்மைதான். அதற்காக ஃபெராரியில் இருந்த ஷூமாக்கரை டயரா முந்தியது? முப்பது நொடிக்கு மேல் முன்னிலையில் போய்க்கொண்டிருந்தவருக்குக் கடைசி மூன்று சுற்றுகளில் ஹைட்ராலிக்ஸ், அதாவது எண்ணெய் அழுத்தத்தில் கியரை இயக்கும் அமைப்பு, பழுதானது. கியர் சரியாக விழவில்லை. கடைசிச் சுற்றில் அவரை முந்தியவர் ஜாக் வில்நவ், அவரும் பேர்பெற்ற ஓட்டுநரின் மகன்தான். உட்கார்ந்திருந்தது, டேமனை வேண்டாம் என்ற அதே வில்லியம்ஸ் காரில். நொண்டிய காரை விடாமல் உருட்டிவந்து டேமன் இரண்டாவதாக முடித்தார்.

அந்தப் பந்தயம் பார்க்கக் கிடைத்தால் கடைசி மூன்று சுற்றுகளையாவது பாருங்கள். பார்த்துவிட்டு அடுத்த கேள்வியை அனுப்புங்கள்.